நாலு கோடும் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்கேஜில இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல கடைசியா நீளமா எழுதினது ப்ளஸ் டூ பொதுத்தேர்வுலதான். ஒற்று எங்கயாவது விட்டுப் போயிருந்தா கண்டுக்காதீங்க. டெக்னிக்கலா தப்பு இருந்தா மட்டும் விடாதீங்க, ரூமுக்கே வந்து சண்டை போடுங்க.

இந்தக் கட்டுரை வைஃபை பத்தி. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல 802.11னு ஒரு தலைப்பு வரும். ஒரு படம் போட்டு, நாலு பாயின்ட் எழுதி, 13 மார்க் வாங்கிட்டு மறந்துடுவோம். நானும் அப்படித்தான் மறந்தேன். திரும்பப் படிக்க வெச்சது ஆகஸ்ட் மாசத்துல நடந்த ஒரு சம்பவம்.

ப்ளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்ச நேரம். என் பக்கத்து ரூம் நண்பனுக்கு ஒரு ஆன்லைன் கோடிங் டெஸ்ட். தொண்ணூறு நிமிஷம், மூணு கேள்வி, கேமரா ஆன்ல இருக்கணும். அவன் ஹாஸ்டல் வைஃபைல உக்காந்து எழுதினான். நாப்பதாவது நிமிஷம் கட் ஆச்சு, திரும்ப வந்துச்சு. ஐம்பதாவது நிமிஷம் மறுபடி கட். மூணாவது தடவை கட் ஆனதும் டெஸ்ட்டை அதுவே சப்மிட் பண்ணி மூடிடுச்சு. ரெண்டாவது கேள்வி பாதியில நின்னது. அந்த நேரம் முழுக்க அவன் லேப்டாப்ல வைஃபை ஐகான் ஃபுல்லா இருந்துச்சு. அன்னைக்கு மெஸ்ஸுல பரோட்டா. அவன் சாப்பிட வரல.

கம்ப்ளெயின்ட் கொடுத்தோம். "எல்லா ஆக்சஸ் பாயின்ட்டும் ஓடிட்டுதான்பா இருக்கு, லிங்க் டவுன் ஆகவே இல்ல"ன்னு பதில் வந்துச்சு. அவங்க சொன்னதும் பொய் இல்லங்கறதுதான் இதுல வேடிக்கை. சரி, நாமளே பாத்துடலாம்னு நானும் ஒரு ஈசிஈ ஃப்ரெண்டும் போன்ல வைஃபை அனலைசர் ஆப் போட்டுக்கிட்டு விங் முழுக்க நடந்தோம். அப்ப தெரிஞ்சதுதான் கீழ இருக்கறது எல்லாம். யாரால அந்த டெஸ்ட் போச்சுங்கறதும் அதுல வரும்.

அந்தக் கோடு எதைச் சொல்லுது?

ஐகான்ல தெரியற கோடுகளுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு விஷயம்தான். ஆக்சஸ் பாயின்ட்டோட குரல் (இனிமே சுருக்கமா ஏபி) உங்க போனுக்கு எவ்வளவு சத்தமா கேக்குதுங்கறது. அதை டிபிஎம் கணக்குல சொல்வாங்க. 0 டிபிஎம்னா 1 மில்லிவாட். அங்கேருந்து 10 இறங்கினா பவர் பத்துல ஒரு பங்கு. ஏபிக்கு நேர் கீழ நின்னா மைனஸ் 35, 40ன்னு காட்டும். ரூம் உள்ள மைனஸ் 65. மைனஸ் 80ஐத் தாண்டினா இழுத்துப் பிடிச்சுதான் ஓடும். மைனஸ் 50க்கும் மைனஸ் 80க்கும் முப்பதுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க, அது ஆயிரம் மடங்கு.

ஆனா கோடு சொல்லாதது நிறைய. உங்க குரல் ஏபிக்குக் கேக்குதா? மைக் வெச்ச சார் பேசறது கடைசி பெஞ்சுக்கு நல்லாவே கேக்கும், கடைசி பெஞ்சுல இருந்து நாம கேக்குற டவுட்டு அவருக்குக் கேக்காது. போன் சின்ன ஆன்டெனா வெச்சுக்கிட்டு, பேட்டரியையும் பாத்துக்கிட்டு, ஏபிய விடக் கம்மி பவர்லதான் பேசும். அப்புறம், அதே நேரத்துல வேற யாரெல்லாம் பேசிட்டு இருக்காங்க? அதுவும் கோட்டுல வராது. எங்க பிரச்சினை அங்கதான் இருந்துச்சு.

ஜிடி ரவுண்டும் வைஃபையும்

கேபிள் ஈதர்நெட்டுக்கு சிஎஸ்எம்ஏ/சிடி, வைஃபைக்கு சிஎஸ்எம்ஏ/சிஏ. முதல்ல இருக்கறது மோதலைக் கண்டுபிடிக்கும், ரெண்டாவது மோதலைத் தவிர்க்கப் பாக்கும். இதை மனப்பாடம் பண்ணியாச்சு. ஏன் வைஃபையால கண்டுபிடிக்க முடியாதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

நீங்க 20 டிபிஎம்ல பேசுறீங்க. தூரத்துல இருந்து வர்ற இன்னொருத்தன் குரல் உங்க ஆன்டெனாவுக்கு மைனஸ் 70ல வருது. வித்தியாசம் 90. அதாவது 100 கோடி மடங்கு. நீங்க கத்திக்கிட்டு இருக்கும்போது அவன் முணுமுணுக்கறது எப்படிக் கேக்கும்? அதனால வைஃபைல பேசிக்கிட்டே கேக்க முடியாது. பேசி முடிச்சதும் எதிர்ல இருந்து ஏசிகே வந்துச்சான்னு பாத்துக்க வேண்டியதுதான். வரலன்னா மோதிடுச்சுன்னு தானா முடிவு பண்ணிக்கணும்.

இந்தப் பிரச்சினை வைஃபையை விடப் பழசு. 1971ல ஹவாய் பல்கலைக்கழகத்துல நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளை ரேடியோவால இணைச்சு ஆலோஹாநெட் ஆரம்பிச்சாங்க. அங்க விதி ரொம்ப சிம்பிள்: தோணும்போது பேசு, மோதினா கொஞ்சம் கழிச்சுத் திரும்பப் பேசு. இப்படிப் போனா சேனலோட அதிகபட்சப் பயன் 18.4 சதவீதம்தான். நம்ம பேப்பர்ல 1/2ஈ-னு டெரிவேஷன் வருமே, அதேதான். நேரத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சா 36.8.

வைஃபை இதை விட மரியாதையான பிள்ளை. குரூப் டிஸ்கஷனை நினைச்சுக்கோங்க. நல்லா ஜிடி பண்றவங்க என்ன பண்ணுவாங்க? முதல்ல யாராவது பேசறாங்களான்னு கேப்பாங்க. அமைதி ஆனதும் ஒரு நொடி பொறுப்பாங்க. எல்லாரும் அதே நொடி பொறுத்துட்டு ஒண்ணா ஆரம்பிச்சா மறுபடியும் மோதல்தான், அதனால ஒவ்வொருத்தரும் ஆளுக்கு ஒரு மாதிரி பொறுக்கணும். வைஃபைலயும் இதே கதை. சேனல் அமைதியானதும் டிஐஎஃப்எஸ்னு ஒரு இடைவெளி, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 28 மைக்ரோசெகண்ட். அப்புறம் ஒவ்வொரு டிவைஸும் 0ல இருந்து 15க்குள்ள ஒரு நம்பரை மனசுல நினைச்சுக்கும். 9 மைக்ரோசெகண்டுக்கு ஒண்ணுன்னு கவுன்ட்டவுன். யாருக்கு முதல்ல பூஜ்யம் வருதோ அவன் பேசுவான். மத்தவங்க எண்ணின இடத்துலயே நிறுத்தி வெச்சு, அடுத்த அமைதில அங்கேருந்து தொடருவாங்க. மோதிடுச்சுன்னா அடுத்த தடவை 0 முதல் 31, அப்புறம் 63, இப்படி 1023 வரைக்கும் போகும்.

நாலு பேர் இருக்கற வீட்டுல இது அருமையா வேலை செய்யும். எங்க விங்ல ஒரு ஏபிக்கு கீழ முப்பது நாப்பது டிவைஸ். 16 நம்பர்ல இருபது பேர் ஆளுக்கொண்ணு எடுத்தா குறைஞ்சது ரெண்டு பேராவது ஒரே நம்பர் எடுத்தே ஆகணும், பிஜன்ஹோல் பிரின்சிபிள். அந்த ஒரே நம்பர் எல்லாத்துலயும் சின்ன நம்பரா அமைஞ்சுட்டா மோதல்தான்.

யாருமே பேசாதப்பவே சேனல் ஃபுல்

இது எனக்கே ஆச்சரியமா இருந்த கணக்கு. ஒரு வைஃபை நெட்வொர்க் சும்மா இருக்கும்போதும் சும்மா இருக்காது. "நான் இங்க இருக்கேன், என் பேரு இது, என் ஸ்பீடு இது"ன்னு பீக்கன் ஃபிரேம் அனுப்பிக்கிட்டே இருக்கும். வழக்கமா 102.4 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. பழைய டிவைஸுக்கும் புரியணுங்கறதுக்காக 2.4ல இதைப் பெரும்பாலும் இருக்கறதுலயே மெதுவான ஸ்பீடுல, 1 எம்பிபிஎஸ்ல அனுப்புவாங்க.

பீக்கன் 250 பைட்னு வெச்சுப்போம், 2000 பிட். 1 எம்பிபிஎஸ்ல 2000 மைக்ரோசெகண்ட். முன்னாடி வர்ற ப்ரியாம்பிள், ஹெட்டருக்கு 192. மொத்தம் கிட்டத்தட்ட 2.2 மில்லிசெகண்ட். 102.4ல 2.2னா 2.1 சதவீதம். ஒரு நெட்வொர்க்குக்கு இவ்வளவுதானே?

என் ரூம்ல நின்னு பாத்தப்ப சேனல் 6ல மட்டும் 14 நெட்வொர்க் தெரிஞ்சுது. 14 தடவை 2.1, கிட்டத்தட்ட 30 சதவீதம். ஒருத்தர் கூட ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் கூட அனுப்பல, அதுக்குள்ள சேனல்ல மூணுல ஒரு பங்கு காலி. இந்த 14ல நாலு காலேஜோடதே. ஒரே ஏபி, ஆனா ஸ்டூடன்ட்டுக்கு ஒரு பேர், ஸ்டாஃபுக்கு ஒரு பேர், கெஸ்ட்டுக்கு ஒண்ணு, எதுக்குன்னே தெரியாம இன்னொண்ணு. டப்பா ஒண்ணுதான்னாலும் ஒவ்வொரு பேருக்கும் தனித் தனியா பீக்கன் போகும். மீதி பத்து நம்ம மக்களோட ஹாட்ஸ்பாட். அதுல ஒண்ணு "வார்டன் வரார்", இன்னொண்ணு "பாஸ்வேர்ட் கேக்காத மச்சி".

ஏன் எல்லாரும் ஹாட்ஸ்பாட் போடறாங்க? ஹாஸ்டல் வைஃபை மேல நம்பிக்கை இல்ல. ஏன் ஹாஸ்டல் வைஃபை மெதுவா இருக்கு? எல்லாரும் ஹாட்ஸ்பாட் போட்டிருக்காங்க. இந்த வட்டத்துக்குள்ளதான் நாலு வருஷமா சுத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

மெதுவா பேசறவன் ஒருத்தன் போதும்

வைஃபைல எல்லாருக்கும் சமமா கிடைக்கறது நேரம் இல்ல, முறை. உனக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை. கேக்க நியாயமாத்தான் இருக்கு. கணக்குப் போட்டா கண்ணு கலங்கும்.

ரெண்டு பேர். நீங்க ஏபி பக்கத்துல, 54 எம்பிபிஎஸ். இன்னொருத்தன் விங் கடைசி ரூம்ல கதவை மூடிக்கிட்டு, 1 எம்பிபிஎஸ். ரெண்டு பேரும் 1500 பைட் ஃபிரேம் அனுப்பறீங்க, அதாவது 12,000 பிட். உங்களுக்கு அதை அனுப்ப 222 மைக்ரோசெகண்ட். அவனுக்கு 12,000. ஆளுக்கு ஒரு முறை முடிய 12,222 மைக்ரோசெகண்ட் ஆகுது. அந்த நேரத்துல நீங்க அனுப்பினதும் 12,000 பிட்தான், அவனும் அதே. வகுத்துப் பாருங்க: ஆளுக்கு 0.98 எம்பிபிஎஸ். உங்க 54 எங்க போச்சு? அவன் பேசி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்ததுலயே போச்சு. மத்த ஓவர்ஹெட் எதையும் நான் சேர்க்கவே இல்ல. சேர்த்தா இன்னும் கேவலம்.

ஒத்தையடிப் பாலத்துல மாட்டு வண்டி பின்னாடி பல்சர் போற மாதிரிதான். இதுக்கு மருந்து ஏபிலயே உண்டு. முறைக்குப் பதிலா நேரத்தைச் சமமா பங்கு போடற ஏர்டைம் ஃபேர்னஸ்னு ஒரு செட்டிங் நிறைய ஏபில இருக்கு. ஏபி அனுப்பறதை அது கட்டுப்படுத்தும். போன்கள் அனுப்பறதை அவ்வளவா கட்டுப்படுத்த முடியாது.

இப்ப சேனல் 3

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

2.4 கிகாஹெர்ட்ஸ்ல இந்தியால 13 சேனல். சேனல் 1ஓட நடுப்புள்ளி 2412 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த சேனலுக்கு 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஆனா ஒரு சிக்னலோட அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அதாவது 13 சீட் நம்பர் போட்டிருக்காங்க, ஆனா ஒருத்தர் உக்கார நாலு சீட் வேணும். ஒண்ணோட ஒண்ணு இடிக்காம உக்காரணும்னா 1, 6, 11. அதனாலதான் எல்லாரும் இந்த மூணையே சொல்றாங்க.

நான் ரெண்டாம் வருஷத்துல சிம் போடற 4ஜி ரௌட்டர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வார்டன் சார் கண்ணுல படாம கட்டிலுக்கு அடியில, சுவத்தோரமா வெச்சிருந்தேன். அனலைசர் ஆப்ல பாத்தா 1லயும் 6லயும் 11லயும் கூட்டம். சேனல் 3 காலியா இருந்துச்சு. எல்லாரும் முட்டாள், நான் மட்டும் புத்திசாலின்னு 3ல போட்டேன். எனக்கு ஸ்பீடு நல்லாவே வந்துச்சு.

ஏன் எல்லாரும் 3ஐத் தவிர்க்கறாங்கன்னு இப்ப பாருங்க. ஒரே சேனல்ல ரெண்டு நெட்வொர்க் இருந்தா ஒருத்தரோட ஹெட்டர் மத்தவருக்குப் புரியும். "ஓ, அவன் இன்னும் இத்தனை மைக்ரோசெகண்ட் பேசுவான்"னு தெரிஞ்சு ஒதுங்கும். இதுக்கு மைனஸ் 82 டிபிஎம் அளவு மெல்லிய குரலே போதும். பாதி இடிக்கற சேனல்னா அந்தப் பேச்சு புரியாது, வெறும் இரைச்சல். புரியாத இரைச்சலுக்காக ஒதுங்கணும்னா அது மைனஸ் 62ஐத் தாண்டணும். 20 டிபி அதிகம், நூறு மடங்கு சத்தம். அதுக்குக் கம்மியா இருந்தா "யாரும் பேசல"ன்னு நினைச்சு மேல விழுந்து பேசும். ஒரே சேனல்ல இருக்கறது க்யூல நிக்கற மாதிரி, மெதுவா நகர்ந்தாலும் ஒழுங்கா நகரும். பாதி சேனல் க்யூவுக்குக் குறுக்க நிக்கற மாதிரி.

என் கட்டிலுக்கு அந்தப் பக்கச் சுவர்ல என்ன இருக்கு? பக்கத்து ரூம் நண்பனோட ஸ்டடி டேபிள்.

அந்த டேபிள்ல லேப்டாப்பை வெச்சு அளந்தோம். காரிடார்ல இருக்கற காலேஜ் ஏபி, சேனல் 6, மைனஸ் 64. நல்ல சிக்னல், அதான் ஐகான் ஃபுல். என் ரௌட்டர், சேனல் 3, மைனஸ் 45. ஏபிய விட 19 டிபி அதிகம், கிட்டத்தட்ட 80 மடங்கு. சேனல் 3 இருக்கற இடம் 2412ல இருந்து 2432. சேனல் 6 இருக்கற இடம் 2427ல இருந்து 2447. இடிக்கறது 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது என் சிக்னல்ல கால் பங்கு. கால் பங்குன்னா 6 டிபி கழிக்கணும். மைனஸ் 51. ஏபியோட குரல் மைனஸ் 64ல வர்ற இடத்துல இரைச்சல் மைனஸ் 51ல. குத்துமதிப்புக் கணக்குதான், ஆனா எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியுதுல்ல?

ஏபி ஏன் ஒதுங்கல? காரிடார்ல ஏபிக்குக் கீழ போய் அளந்தோம். அங்க என் ரௌட்டர் மைனஸ் 68தான். கால் பங்கு போட்டா மைனஸ் 74. மைனஸ் 62ஐத் தொடவே இல்ல. அதனால ஏபிக்கு நான் இருக்கறதே தெரியாது. அது பாட்டுக்கு அவனுக்கு ஃபிரேம் அனுப்பும், அவன் லேப்டாப்கிட்ட வரும்போது என் இரைச்சல்ல மூழ்கிடும். ஏசிகே வராது. ஏபி திரும்ப அனுப்பும். திரும்பவும் போச்சுன்னா "தூரமா இருக்கான் போல"ன்னு ஸ்பீடைக் குறைக்கும். ஸ்பீடு குறைஞ்சா ஃபிரேம் இன்னும் நேரம் எடுக்கும். நேரம் எடுத்தா என் ரௌட்டர் குறுக்க வர்ற வாய்ப்பு இன்னும் அதிகம். நாம படிச்ச ஹிட்டன் நோட் ப்ராப்ளம் இதுதான். அதுக்கு ஆர்டிஎஸ்/சிடிஎஸ் தீர்வுன்னு எழுதுவோமே, அதுவும் இங்க உதவாது. சேனல் 6ல சொல்ற சிடிஎஸ், சேனல் 3ல இருக்கறவனுக்குப் புரியாது.

அந்த டெஸ்ட் அன்னைக்கு நான் ஒரு வெப் சீரிஸ் முழுசா டவுன்லோட் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போயிட்டேன்.

இது மட்டும்தான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. அந்த 14 நெட்வொர்க்கும் காரணம், கடைசி ரூம்காரனும் காரணம். ஆனா ரௌட்டரை ஆஃப் பண்ணிட்டு அதே டேபிள்ல இருந்து கேட்வேக்கு பிங் போட்டுப் பாத்தோம். ஆன்ல இருந்து டவுன்லோட் ஓடினப்ப அஞ்சுல ஒண்ணு வரல, வந்ததும் நூத்துக்கணக்கான மில்லிசெகண்ட். ஆஃப் பண்ணினதும் ஒற்றை இலக்கம். மூணு தடவை மாத்தி மாத்திப் பாத்தோம். நண்பன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். "உன்னோடதாடா?"ன்னு மட்டும் கேட்டான். ஆமாம்னேன்.

பி, ஜி, என், ஏசி, ஏஎக்ஸ்: டப்பா மேல இருக்கற எழுத்துக்கள்

மார்க்குக்காகக் கொஞ்சம் வேகமா. 1985ல அமெரிக்காவோட எஃப்சிசி சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமப் பயன்படுத்த விட்டுச்சு. அதுல ஒண்ணுதான் 2.4, மைக்ரோவேவ் அடுப்பு ஓடற அதே இடம். 1997ல முதல் 802.11 வந்தப்ப உச்ச வேகம் 2 எம்பிபிஎஸ். 1999ல பி, 2.4ல 11 எம்பிபிஎஸ். அதே 1999ல ஏ, 5 கிகாஹெர்ட்ஸ்ல 54. 2003ல ஜி, அதே 54 ஆனா 2.4ல. 2009ல என், பல ஆன்டெனா வெச்சு ஒரே நேரத்துல பல ஸ்ட்ரீம் அனுப்பற மைமோ, காகிதத்துல 600 வரைக்கும். 2013ல ஏசி, 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும். 2021ல ஏஎக்ஸ். இந்த எழுத்துக் குழப்பம் யாருக்கும் புரியலன்னுதான் 2018ல வைஃபை அலையன்ஸ் என்-ஐ வைஃபை 4, ஏசிய வைஃபை 5, ஏஎக்ஸை வைஃபை 6னு பேர் மாத்துச்சு. வைஃபைங்கறதுக்கு விரிவாக்கமே கிடையாது. இன்டர்பிராண்ட்னு ஒரு கம்பெனி வெச்ச பிராண்ட் பேர் அது. வைவால "வயர்லெஸ் ஃபிடெலிட்டி"ன்னு சொல்லிடாதீங்க (எக்ஸ்டர்னல் சார் அதைத்தான் எதிர்பாத்தார்னா சொல்லிடுங்க).

டப்பால "1200"னு போட்டிருந்தா 5 கிகாஹெர்ட்ஸோட 867ஐயும் 2.4ஓட 300ஐயும் கூட்டி ரவுண்ட் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். உங்க போன் ரெண்டுல ஒண்ணுலதான் இருக்கும். அதுலயும் ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசலாம், நடுவுல காத்திருப்பு, ஏசிகே எல்லாம் உண்டு. பாதிக்கு மேல கிடைச்சா சந்தோஷப்படுங்க.

எங்க மாதிரி ஹாஸ்டலுக்கு இதுல நிஜமான மாற்றம் ரெண்டுதான்னு எனக்குத் தோணுது. ஒண்ணு 5 கிகாஹெர்ட்ஸ். இடிக்காத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் இருபதுக்கு மேல இருக்கு. இந்தியால 2018 அறிவிப்புக்கு அப்புறம் இந்த பேண்ட்ல நிறைய இடம் திறந்துச்சு. 2.4ஐ விட சுமார் 7 டிபி அதிகமா இழக்கும், சுவரும் நல்லாவே தடுக்கும். அது குறைன்னு சொல்வாங்க. ஹாஸ்டல்ல அது வரம். பக்கத்து ரூம்காரன் சத்தம் இங்க வராது.

ரெண்டாவது, வைஃபை 6ல வந்த ஓஎஃப்டிஎம்ஏ. அதுவரைக்கும் ஒருத்தர் பேசினா சேனல் முழுக்க அவருக்கே. சின்னதா ஒரு மெசேஜ் அனுப்பவும் ஒரு முழு டவுன் பஸ். இப்ப 20 மெகாஹெர்ட்ஸைப் பிரிச்சு ஒரே நேரத்துல ஒம்போது பேர் வரைக்கும் ஏத்தலாம். ஷேர் ஆட்டோ. ஆனா போனும் வைஃபை 6ஆ இருந்தாதான் ஆட்டோல இடம். வைஃபை 7 இன்னும் அகலம், 6 கிகாஹெர்ட்ஸ்ல 320 மெகாஹெர்ட்ஸ் சேனல். இந்தியால 2025 மே மாசம் வந்த வரைவு விதி 5925ல இருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பேசுச்சு. அந்த 500ல 320 அகலச் சேனல் ஒண்ணுதான் பொருந்தும்.

என்ன பண்ணினோம்

அளந்ததையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, இந்தத் தடவை கம்ப்ளெயின்ட்டா இல்லாம டேட்டாவா நெட்வொர்க் பாத்துக்கற அண்ணன்கிட்ட கொண்டு போனோம். அவர் முழுசா படிச்சார். முதல் தடவையா ஒருத்தன் "நெட் வரல"ன்னு சொல்லாம சேனல் நம்பரோட வந்திருக்கான்னு சிரிச்சார். நாலு பேரை ரெண்டாக்கினார். 2.4ல 1, 2 எம்பிபிஎஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு குறைஞ்சபட்சம் 12ன்னு வெச்சார். அதே 250 பைட் பீக்கன் இப்ப 190 மைக்ரோசெகண்ட்ல முடியுது, முன்னாடி 2200. கடைசி ரூம்காரனுக்கு சிக்னல் போயிடுச்சுன்னு அவன் வந்து கத்தினான், அதுவும் நியாயம்தான். அந்தப் பக்கம் ஒரு ஏபி கேட்டு லெட்டர் கொடுத்திருக்கோம், இன்னும் வரல.

ஹாட்ஸ்பாட் விஷயம்தான் கஷ்டம். ரூம் ரூமா போய்ச் சொன்னோம். பாதிப் பேர் "நீ ரெண்டு வருஷம் ரௌட்டர் வெச்சிருந்தியே"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கேட்டுக்கிட்டது ரெண்டே விஷயம். ஹாட்ஸ்பாட் செட்டிங்ல பேண்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. இல்லன்னா சார்ஜிங் கேபிளை லேப்டாப்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்க. அதுல காத்துல எதுவுமே போகாது, ஸ்பீடும் நல்லா வரும், போனும் சார்ஜ் ஆகும். இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லலன்னு எங்க விங்ல நிறைய பேர் கேட்டாங்க. சேனல் 6ல 14 இருந்தது போன வாரம் 5.

உங்க விங்லயும் பாக்கணும்னா முதல்ல கேட்வேக்கு பிங் போடுங்க, 192.168.1.1 மாதிரி ஏதாவது இருக்கும். அதுவே தாறுமாறா வந்தா பிரச்சினை உங்களுக்கும் ஏபிக்கும் நடுவுல. அது சுத்தமா வந்து 8.8.8.8 மட்டும் சொதப்பினா பிரச்சினை வெளிய, வைஃபையைத் திட்டாதீங்க. அப்புறம் அனலைசர் ஆப். 2, 3, 4, 8, 9ல யாராவது உக்காந்திருந்தா போய்க் கதவைத் தட்டுங்க. என்னை மாதிரி ஒருத்தன்தான் திறப்பான்.

நண்பனுக்கு வர்ற வியாழக்கிழமை இன்னொரு கம்பெனி டெஸ்ட். ஹாஸ்டல்ல எழுத மாட்டான். சிஎஸ்இ லேப்ல லேன் கேபிள் இருக்கற சிஸ்டம் ஒண்ணுக்கு ஹெச்ஓடி மேடம்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு. கேபிளை நேத்தே போய் டெஸ்ட் பண்ணிட்டேன், கிளிப் உடைஞ்சிருந்துச்சு, வேற மாத்தி வெச்சிருக்கேன்.